மாடு மிரளுகிறதா, முட்ட வருகிறதா: சிறு மந்தையில் எதை வைப்பது, எதைக் கழிப்பது

இறைச்சிக்காக வளர்க்கிற மாட்டுக்கு ஆள் பழக்கம் குறைவு. கறவை மாடு காலையும் மாலையும் ஆளைப் பார்க்கும், மடியில் கை படும். இது மேய்ச்சலிலேயே கிடந்து, தடுப்பூசி போடவோ எடை பார்க்கவோ சினை பார்க்கவோ வருஷத்தில் சில நாள் மட்டும் பட்டிக்குள் வரும். அந்தச் சில நாளில்தான் கேட் வளையும், யாருக்காவது விலா எலும்பில் அடிபடும், பக்கத்தில் நின்ற சாதுவான மாடும் சேர்ந்து மிரளும். பெரிய பண்ணையில் ஆளும் இருக்கும், மாட்டை அசையாமல் நிறுத்திப் பிடிக்க நல்ல கூண்டும் இருக்கும், முரட்டு மாடு ஒன்றிரண்டு இருந்தாலும் சமாளித்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து மாட்டை ஒருவரோ இருவரோ பார்த்துக்கொள்கிற இடத்தில் ஒன்று முரடாக அமைந்துவிட்டால், அதை நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு வேலையையும் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

குணம் பார்த்து மாட்டை வைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நம் கண்ணில் படுவது மாட்டின் நடத்தை மட்டுமே. அதற்குக் காரணம் மாடாக இருக்கலாம், பட்டியாக இருக்கலாம், அன்றைக்கு அதற்கு இருந்த வலியாக இருக்கலாம், கையில் கம்போடு கத்திக்கொண்டிருந்த நாமாகவும் இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் கழிக்க ஆரம்பித்தால் நல்ல மாடு போய்விடும், கோளாறு அப்படியே இருக்கும். அதனால் அறிகுறியிலிருந்து ஆரம்பிக்கலாம். உங்கள் மந்தையில் நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். அதற்கு முன்னால் ஒரு நோட்டு மட்டும் தயார் செய்துகொள்ளுங்கள்.

முதல் வேலை: நோட்டு

மாட்டின் குணத்தை ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. ஞாபகத்தில் நிற்பது கேட்டை உடைத்த மாடு மட்டும்தான். அதற்கு அடுத்தபடி மோசமாக இருந்த மூன்று மாடுகள் மறந்தே போயிருக்கும். ஒவ்வொரு மாடும் கூண்டை விட்டு வெளியே போன உடனே, அடுத்தது உள்ளே வருவதற்குள், காதுவில்லை எண்ணுக்கு எதிரே ஒரு இலக்கம் போட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் பீஃப் இம்ப்ரூவ்மென்ட் ஃபெடரேஷன் என்ற அமைப்பு பரிந்துரைக்கும் 1 முதல் 6 வரையிலான அளவுகோல் இதற்குப் போதும். 1 என்றால் சாது, மெதுவாக நிற்கும், வாலைக்கூட ஆட்டாது, நடந்தே வெளியே போகும். 2 என்றால் கொஞ்சம் நிலைகொள்ளாமல் இருக்கும், ஆனால் சொன்னால் கேட்கும். 3 பதற்றப்படும் மாடு: இழுக்கும், வாலை விசிறும், திறந்ததும் விருட்டென்று போகும். 4 மிரண்டு நடுங்கிக் கத்தும், கூண்டிலிருந்து தப்பிக்கப் பார்க்கும். 5 அதோடு சேர்ந்து ஆளையும் தாக்க வரும். 6 கூண்டுக்குள்ளேயே கட்டுக்கடங்காமல் அடித்துக்கொண்டு, ஆளைக் கண்டாலே பாயும். 1-க்கும் 2-க்கும் இடையில் தடுமாறினால் எதை வேண்டுமானாலும் போடுங்கள், அதில் ஒன்றும் கெட்டுப்போகாது. 3-க்கும் 4-க்கும் இடையில் தடுமாறினால் 4 போடுங்கள்.

நோட்டில் பக்கத்துப் பத்தியில் மாடு கூண்டை விட்டுப் போன வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடந்ததா, ஓட்டமும் நடையுமாகப் போனதா, பாய்ந்து ஓடியதா, இந்த மூன்றில் ஒன்று. ஆராய்ச்சிக்காரர்கள் இதையே கதிர் பாயும் கருவி வைத்து அளக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1988-லேயே இந்த முறையை எழுதி வெளியிட்டுவிட்டார்கள். நமக்குக் கண் போதும். இலக்கம் போடுவது எப்போதும் ஒரே ஆளாக இருந்தால் நல்லது. ஒருவர் 3 என்பதை இன்னொருவர் சாதாரணமாக 2 என்பார்.

எப்போது போடுவது என்றால், கன்று பால் மறக்கடிக்கும் சமயத்திலும் ஒரு வயதை ஒட்டியும். பட்டிக்குள் பலமுறை வந்து பழகிவிட்ட கிழட்டுப் பசு 1 வாங்குவதில் பெரிய சேதி இல்லை. பழக்கம் மூடி மறைப்பதற்கு முன்னால் தெரிவதுதான் அடுத்த தலைமுறைக்குப் போகிற குணம்.

அறிகுறி: எல்லா மாடும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது

இது மாட்டின் குற்றமே இல்லை. ஒன்று மட்டும் மிரண்டால் மாட்டைப் பாருங்கள், எல்லாமே மிரண்டால் இடத்தைப் பாருங்கள்.

மாடுகள் எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டு, அவை கூண்டுக்கு வரிசையாக வரும் குறுகிய சந்துக்குள் நீங்களே நடந்து போங்கள். மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். நிமிர்ந்து நடக்கும்போது கண்ணில் படாத சமாச்சாரம் அப்போது தெரியும்: கேட்டிலிருந்து தொங்கி ஆடும் ஒரு துண்டுச் சங்கிலி, வேலியில் யாரோ மாட்டிவிட்டுப் போன சட்டை, தேங்கிய தண்ணீரில் அடிக்கிற வெயில், வெளிச்சத்திலிருந்து கும்மிருட்டுக்குள் போகும் வாசல், தரையில் குறுக்கே விழும் கம்பி நிழல். மாட்டுக்குத் தலைக்கு இரண்டு பக்கமும் 300 டிகிரிக்கு மேல் பார்வை உண்டு, ஆனால் ஆழம் சரியாகப் பிடிபடாது. நிழல் அதற்குப் பள்ளமாகத் தெரியலாம், அதனால் தலையைத் தாழ்த்தி நின்று பார்க்கும். அந்த நேரத்தில் பின்னாலிருந்து அடித்தால் முன்னால் பள்ளம், பின்னால் அடி. திரும்பாமல் என்ன செய்யும்?

தரை வழுக்குகிறதா என்று தனியாகப் பாருங்கள். கூண்டுக்குள் கால் வழுக்கி ஒருமுறை தடுமாறிய மாடு அடுத்த முறை நுழையும்போதே பதறும். பிறகு சத்தம். நம்மைவிட மாட்டுக்குக் கீச்சென்ற ஒலிகள் நன்றாகக் கேட்கும். இரும்போடு இரும்பு மோதும் சத்தமும் ஆளின் கூச்சலும் அதை உலுக்கிவிடும். நாய் இருந்தால் கட்டிப் போடுங்கள். வெளியே மந்தையை ஓட்ட உதவுகிற நாய், சந்தில் சிக்கி நகர முடியாமல் நிற்கும் மாட்டின் காலைக் கடித்தால் அந்த மாடு பிறகு மனுஷனையும் நம்பாது.

இவற்றைச் சரிசெய்துவிட்டு மந்தையை அரை மணி நேரமாவது சும்மா விடுங்கள். ஒருமுறை நன்றாக மிரண்ட மாட்டின் இதயத்துடிப்பு பழைய நிலைக்கு வர 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். அன்றைய இலக்கங்களை நோட்டில் போடாதீர்கள், போட்டிருந்தால் அடித்துவிடுங்கள். அது பட்டிக்குக் கிடைத்த மதிப்பெண்.

அறிகுறி: ஒரே மாடு, ஒவ்வொரு முறையும்

சந்து சரி, ஆட்கள் சரி, மற்ற மாடுகள் 1-ம் 2-ம் வாங்கிப் போகின்றன. ஒன்று மட்டும் வருகிற ஒவ்வொரு தடவையும் 4. கூண்டுக் கதவு மூடும் முன்பே முன்னங்காலைத் தூக்கி மேல் கம்பியில் வைக்கிறது, கண்ணில் வெள்ளை விழி வட்டமாகத் தெரிகிறது, பிடியிலிருந்து விட்டதும் முன்னால் இருப்பதைப் பார்க்காமல் வேலியில் மோதுகிறது. இதற்கு மேல் விசாரணை வேண்டாம். இது அந்த மாட்டோடு பிறந்தது.

பிறந்தது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மாட்டின் குணத்துக்கான பரம்பரைப் பங்கு பெரும்பாலான ஆய்வுகளில் 0.2 முதல் 0.4 வரை வருகிறது. அதாவது மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை ரத்தத்தில் வருவது. கன்று போடும் திறன் போன்றவற்றோடு ஒப்பிட்டால் இது நல்ல அளவு. தேர்ந்தெடுத்தால் சீக்கிரமே பலன் தெரியும். அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். அந்த 4 வாங்கிய பசுவின் கிடாரியை ஆசைப்பட்டு வைத்துக்கொண்டால், இரண்டு வருஷத்தில் உங்களிடம் 4 வாங்குகிற மாடு இரண்டாகிவிடலாம்.

இந்த இடத்தில்தான் "ஆனால் அது போடுகிற கன்று நல்ல எடை" என்ற பேச்சு வரும். எனக்கு இந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வாய்சினெட், டெம்பிள் கிராண்டின் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கூண்டில் அமைதியாக நின்ற மாடுகள்தான் தினசரி எடை ஏற்றத்தில் முன்னால் இருந்தன. மிரளும் மாடு பதறுவதிலேயே சக்தியைச் செலவழிக்கிறது. வெட்டுக்குப் போகும் முன் மிரண்டால் தசையில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்ற சத்து தீர்ந்து, இறைச்சி கருத்து ஒட்டும் பதத்தில் வரும்; வாங்குகிறவர் விலையைக் குறைப்பார். அந்த ஒரு கன்றின் எடை உண்மையிலேயே அதிகமாக இருந்தாலும், வளைந்த கேட்டையும் அந்த மாட்டோடு சேர்ந்து மிரண்ட மற்ற கன்றுகளையும் யாரும் அதன் கணக்கில் எழுதுவதில்லை. எழுதிப் பாருங்கள்.

இரண்டு வெவ்வேறு நாளில் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் கழித்துவிடலாம். 5-ம் 6-ம் என்றால் இரண்டாவது நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி: கூண்டில் சிலை மாதிரி நிற்கிறது, திறந்ததும் பறக்கிறது

இதை நிறையப் பேர் சாது என்று எழுதிவிடுகிறார்கள். சில மாடுகள், முக்கியமாகப் பிராமன் என்ற திமில் மாட்டு இனத்தின் ரத்தம் கலந்தவை, பயத்தில் உறைந்துபோகும். உடம்பு முழுக்க விறைப்பு, மூச்சு வேகமாக இருக்கும், காது பின்னால் மடிந்திருக்கும், ஆனால் கால் அசையாது. கூண்டு இலக்கம் 1, வெளியேறும் வேகம் பாய்ச்சல். இந்த முரண்பாடு தெரிவதற்காகத்தான் இரண்டாவது பத்தி.

இரண்டும் ஒத்துப்போகாதபோது வெளியேறும் வேகத்தை நம்புங்கள். கூண்டு இலக்கம் போடுகிறவரின் கண்ணைப் பொறுத்தது, அந்த மாடு முன்பு எத்தனை முறை கூண்டுக்கு வந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஓடுகிற ஓட்டத்தில் அவ்வளவு குழப்பம் இல்லை. உடனே கழிக்க வேண்டியதில்லை. ஒரு தடவை மெதுவாக, கூட ஒரு பழகிய மாட்டை முன்னால் விட்டு அழைத்து வந்து பாருங்கள். இரண்டாவது தடவையும் பறந்தால் அதன் கிடாரிகளை வைத்துக்கொள்ளாதீர்கள். அதையும் அடுத்த விற்பனையில் சேர்த்துவிடலாம்.

அறிகுறி: நேற்றுவரை சாது, இன்று முட்ட வருகிறது

நோட்டை மூடுங்கள். குணம் ஒரு வாரத்தில் மாறாது, உடம்பு மாறும். மாட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை அந்த மாட்டோடு வேலிக்குள் போகாதீர்கள்.

ஒரு பக்கத்திலிருந்து ஆள் வந்தால் மட்டும் துள்ளுகிறதா? அந்தப் பக்கக் கண்ணைத் தூரத்திலிருந்து பாருங்கள். கண்நோயில் பார்வை போன மாடு நீங்கள் வருவதைப் பார்க்காமல், திடீரென்று ஆள் முளைத்த மாதிரி பதறும். குளம்பு அழுகல், காலில் காயம், கொம்பு முறிவு, இவையெல்லாம் எந்தச் சாதுவையும் கோபக்கார மாடாக்கும். கன்று போட்ட பசு வேகமாக வளர்ந்த இளம் புல்லில் மேய்ந்து, திடீரென்று மிரட்சியும் தசைத் துடிப்பும் தள்ளாட்டமும் காட்டினால் ரத்தத்தில் மக்னீசியம் இறங்கியிருக்கலாம். அதற்கு மணிக்கணக்கு முக்கியம், நாள் கணக்கு இல்லை. பழைய பேட்டரியையோ உரிந்த பெயின்ட்டையோ நக்கி ஈயம் ஏறினாலும் கண் தெரியாமல் எதிலாவது போய் முட்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது ரேபிஸ். குரல் மாறிக் கரகரப்பாகக் கத்திக்கொண்டே இருப்பது, எச்சில் வழிவது, விழுங்க முடியாமல் தவிப்பது, காரணமில்லாமல் பாய்வது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதீர்கள். எச்சில் ஏற்கனவே கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பருவத்துக்கு வந்த பசு ஒரு நாள் முழுக்க நிலைகொள்ளாமல் மற்றவற்றின் மேல் ஏறிக்கொண்டிருப்பதும் இந்த வகையில்தான் சேரும், அது மறுநாள் சரியாகிவிடும்.

அறிகுறி: கன்று போட்ட பசு கிட்டவே விடமாட்டேன் என்கிறது

இதில் கருத்து வேறுபாடு நிறைய உண்டு. மேய்ச்சலில் கன்று போடும் மாட்டுக்குக் கொஞ்சம் தாய்க்கோபம் வேண்டும், இல்லையென்றால் கன்றை நாயிடமும் நரியிடமும் விட்டுவிட்டுப் போய்விடும். அதே கோபத்தோடு கன்றுக்குக் காதுவில்லை போடப் போன ஆளைக் கீழே தள்ளி மிதித்தால் அந்தத் தாய்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் பார்க்கிற விஷயம் ஒன்றுதான்: பசு எங்கே வந்து நிற்கிறது. ஆளுக்கும் கன்றுக்கும் நடுவில் வந்து, தலையை ஆட்டி, மூச்சுவிட்டு, நீங்கள் இரண்டடி பின்வாங்கியதும் கன்றை நக்கப் போய்விட்டால் அது காவல். அதை வைத்துக்கொள்ளலாம், நல்ல தாய்தான். நீங்கள் பின்வாங்கிய பிறகும் கன்றை விட்டுவிட்டு உங்களைத் துரத்தி வந்தால் அது தாக்குதல். வேலி தாண்டிய பிறகும் வேலியோரமாக உங்களோடு கூடவே நடந்து வருகிற பசுவும் இதில் சேர்த்தி. கன்று பால் மறந்ததும் அதை அனுப்பிவிடுங்கள்.

இதைக் கூண்டு இலக்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கூண்டில் 1 வாங்குகிற பசு கன்று போட்ட முதல் இரண்டு மூன்று நாள் வேறு மாடாக மாறும், பிறகு பழையபடி ஆகிவிடும். அதனால் நோட்டில் மூன்றாவது பத்தியாகக் கன்றுகாலக் குணம் என்று தனியாக எழுதுங்கள். தலையீற்றுக் கிடாரிக்கு ஒரு சலுகை கொடுக்கலாம். அதற்கு என்ன நடந்தது என்றே புரியாமல் சில சமயம் கன்றையே முட்டும். இரண்டாவது ஈற்றிலும் அப்படியென்றால் சலுகை முடிந்தது.

கன்றைப் பிடிக்கும்போது நடுவில் ஏதாவது ஒரு தடுப்பு இருக்கட்டும். வண்டியோ, கேட்டோ, தூக்கி வைக்கிற மாதிரி ஒரு படலோ. பசு எவ்வளவு சாது என்றாலும் கன்று கத்தினால் சாது இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு போவது மட்டும் கூடவே கூடாது, நாய் உங்கள் காலுக்குப் பின்னால் ஒளியும்போது பசு உங்கள் மேல்தான் வரும்.

அறிகுறி: பொலிகாளை பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது

இதைத் தெரியாமல் அடிபட்டவர்கள் நிறையப் பேர். காளை கோபம் வந்தால் நேராகத் தலையைக் குனிந்து பாயும் என்று எதிர்பார்ப்போம். அதற்கு முந்திய கட்டம் ஒன்று இருக்கிறது, அது பார்க்க அமைதியாகத்தான் இருக்கும். காளை உங்களுக்குக் குறுக்காகத் தன் முழு உடம்பும் தெரிகிற மாதிரி திரும்பும். முதுகு வில்லாக வளையும், கழுத்து தடித்துத் தெரியும், தலை கொஞ்சம் தாழும், கண் பிதுங்கினாற்போல் இருக்கும், பிடரி மயிர் சிலிர்க்கும். மெதுவாக, விறைப்பான நடையில் உங்களைச் சுற்றும். "நான் எவ்வளவு பெரியவன் பார்" என்று இன்னொரு காளைக்குக் காட்டுகிற அதே காட்சி. உங்களை அது இன்னொரு காளையாக எடைபோட்டுக்கொண்டிருக்கிறது. இதற்கு அப்புறம்தான் முன்னங்காலால் மண்ணைப் பறிப்பதும் கொம்பை மண்ணில் தேய்ப்பதும் வரும், அதற்கும் அப்புறம் பாய்ச்சல்.

அந்த நேரத்தில் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். அதைப் பார்த்தபடியே சரிவாகப் பின்வாங்கி வேலிக்கு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு விற்பதற்கு ஏற்பாடு செய்யுங்கள். இதில் இரண்டாவது வாய்ப்பு, இரண்டாவது நாள் சோதனை எதுவும் கிடையாது. பசு முரடு என்றால் வருஷத்துக்கு ஒரு கன்று கெடும். காளை முரடு என்றால் அந்த வருஷத்துக் கன்று முழுவதும் அதன் பாதி ரத்தம்.

ஆள் கையில் புட்டிப்பால் குடித்துத் தனியாக வளர்ந்த காளைக்கன்றைப் பொலிக்கு வைக்கவே கூடாது என்பது என் கட்சி. பிரைஸ், வாலக் என்ற இருவர் 1990-இல் ஹியர்ஃபோர்ட் இனக் காளைகளை வைத்து இதைக் காட்டினார்கள். பிறந்ததிலிருந்து மற்ற மாட்டோடு சேராமல் தனியாக வளர்ந்த காளைகள்தான் பெரிதானதும் ஆளை அதிகம் மிரட்டின. கன்றாக இருக்கும்போது கையை நக்கி, நெற்றியால் தொடையில் முட்டி விளையாடுவது அழகாகத்தான் இருக்கும். அது மனுஷனைத் தன் ஜாதி என்று நினைத்துக்கொண்டு வளர்கிறது. இரண்டு வயதை ஒட்டி முழுக் காளையானதும் தன் ஜாதியில் யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்ள வரும். தாயில்லாத காளைக்கன்று என்றால் சீக்கிரமே காயடித்துவிடுங்கள், அல்லது வேறு கன்றுகளோடும் ஒரு வளர்ப்புத் தாயோடும் சேர்த்துவிடுங்கள். காளைக்கன்றின் நெற்றியில் கைவைத்துத் தள்ளி விளையாடக் குழந்தைகளையும் விடாதீர்கள்.

சரி, காளை மாற்றுவது என்று முடிவானால் எதைப் பார்த்து வாங்குவது? சிறு மந்தையில் உங்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதமே இதுதான். ஒவ்வொரு தலைமுறையிலும் கிடாரிகளை வைத்துக்கொண்டு காளையை மட்டும் வெளியிலிருந்து எடுத்தால், முதல் தலைமுறையில் பாதி ரத்தம் வாங்கிய காளையுடையது, இரண்டாவதில் நான்கில் மூன்று பங்கு, மூன்றாவதில் 87.5 சதவீதம் வாங்கிய காளைகளுடையது. நீங்கள் பசுவைக் கழித்துக் கழித்துச் செய்வதைவிட ஒரு நல்ல காளை சீக்கிரம் செய்துவிடும்.

பதிவுள்ள இனம் என்றால் விற்பவரிடம் குணத்துக்கான மரபு மதிப்பீட்டு எண்ணைக் கேளுங்கள். ஆங்கஸ், லிமோசின் இனங்களுக்கு இது உண்டு. எண் கூடக் கூட, அந்தக் காளையின் கன்றுகளில் சாதுவானவை கூடுதலாக இருக்கும் என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவில் பிராமனுக்குக் கூண்டிலிருந்து ஓட எடுக்கும் நேரத்தை வைத்து ஒரு மதிப்பீடு தருகிறார்கள். நேரம் என்பதால் அதிலும் அதிக எண்ணே நல்லது. வேகம் என்று நினைத்துக் குறைந்த எண்ணை வாங்கிவிட வேண்டாம்.

எண் இல்லாத காளை என்றால் அதன் தாயைப் பார்க்கக் கேளுங்கள். அப்புறம், காளையைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக ஒரு சின்னப் பட்டியில் விடச் சொல்லிவிட்டு வெளியே நின்று பாருங்கள். கூட்டத்தில் எல்லா மாடும் சாதுதான். தனியாக விட்டதும் வேலியைச் சுற்றிச் சுற்றி ஓடி, தலையைத் தூக்கி, கம்பிக்கு மேலே தாண்ட இடம் தேடுகிற காளையை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். உங்களை ஒருமுறை பார்த்து, காதைத் திருப்பி, பிறகு தரையை முகர ஆரம்பித்தால் பேரம் பேசலாம்.

சுழி பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். நெற்றிச் சுழி கண்களின் மட்டத்துக்கு மேலே இருக்கும் மாடுகள் கூண்டில் சற்று அதிகம் பதறுகின்றன என்று கிராண்டினும் கூட இருந்தவர்களும் 1995-இல் எழுதினார்கள். கூட்டத்தில் சராசரியாகத் தெரிகிற சாய்வு அது. ஒற்றை மாட்டை அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. இரண்டு காளை எல்லாவற்றிலும் சமமாக நின்றால் சுழி தாழ்ந்ததை எடுங்கள், அவ்வளவுக்குத்தான் அது உதவும்.

மோழைக் காளை பற்றியும் கேட்பார்கள். கொம்பில்லாததால் குணம் நல்லதாகிவிடாது. முட்டினால் குத்து விழாது என்பது மட்டும்தான் லாபம், அதுவே ஒரு லாபம்தான்.

அறிகுறி: தாயும் தகப்பனும் சாது, கன்றுகள் காட்டு மிருகம் மாதிரி இருக்கின்றன

பரம்பரைப் பங்கு போக மிச்சமெல்லாம் வளர்ப்பும் அனுபவமும். கன்று முதன்முதலில் ஆளைக் கிட்டத்தில் பார்த்தது எப்போது என்று யோசியுங்கள். காதுவில்லை, காயடிப்பு, கொம்பு சுடுதல், தடுப்பூசி எல்லாம் ஒரே நாளில் நடந்து, அதற்கு முன்னும் பின்னும் ஆள் வாசனையே இல்லாமல் வளர்ந்தால், ஆள் என்றால் வலி என்றுதான் அது படித்திருக்கும்.

பால் மறக்கடித்த பிறகு வரும் சில வாரங்கள் இதற்கு நல்ல சமயம். கிடாரிகளைச் சந்து வழியாக ஒன்றும் செய்யாமல் சும்மா நடத்தி, மறுமுனையில் தீவனம் வைத்து வெளியே விடுங்கள். தினமும் கொஞ்ச நேரம் அவற்றுக்கு நடுவே மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள். கிட்டப் போனால் மாடு நகரத் தொடங்குகிற ஒரு எல்லை இருக்கும். அதன் விளிம்பைத் தொட்டதும் நில்லுங்கள், அது நகர்ந்ததும் நீங்களும் பின்வாங்குங்கள். தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். இவ்வளவும் செய்த பிறகு இலக்கம் போட்டால், எது அனுபவக் குறை, எது ரத்தம் என்று பிரிந்து தெரியும். மற்றவை 2-க்கு இறங்கியிருக்க ஒன்று மட்டும் 4-லேயே நின்றால் அது ரத்தம்.

மந்தையில் முன்னே நடக்கும் பசு எது என்றும் பாருங்கள். தலைமைப் பசு ஆளைக் கண்டதும் தலையைத் தூக்கி ஓடினால் கன்றுகள் காரணம் கேட்காமல் பின்னால் ஓடும். அந்த ஒன்றை அகற்றியதும் மந்தையே வேறு மந்தையாவதைப் பார்க்கலாம். வருஷத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் கழிக்க வசதிப்படாத சிறு மந்தையில் முதலில் போக வேண்டியது அதிக இலக்கம் வாங்கிய மாடா, மற்றதைக் கெடுக்கிற மாடா என்று கேட்டால், 5-ம் 6-ம் இல்லாத பட்சத்தில், கெடுக்கிற மாட்டைத்தான் நான் முதலில் அனுப்புவேன்.

அனுப்பும்போது வாங்குகிறவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். முரட்டு மாட்டை வெட்டுக்கு அனுப்புங்கள், இன்னொருவர் மந்தைக்கு இனவிருத்திக்கு விற்காதீர்கள். அங்கேயும் ஒரு கேட் இருக்கும், அதற்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பார்.

அறிகுறி: எல்லாம் சாதுவாகிவிட்டது, இப்போது நகரவே மாட்டேன் என்கிறது

இப்படியும் நடக்கும். வாளியைக் கண்டால் மேலே வந்து இடிக்கிறது, கையைத் தட்டினால் பார்த்துக்கொண்டே நிற்கிறது, சந்துக்குள் பின்னால் நின்று தள்ளினாலும் அசைவதில்லை. கையில் தீவனம் கொடுத்துக் கொடுத்து, ஆளுக்கு விலகி நிற்கிற எல்லையே இல்லாமல் போன மாடு இது. சாதுவான குணமும் செல்லமும் ஒன்றில்லை. நமக்கு வேண்டியது, கிட்டப் போனால் பதறாமல், ஆனால் விலகி நடக்கிற மாடு.

இதற்கு மாட்டைக் கழிக்க வேண்டாம், பழக்கத்தை மாற்றினால் போதும். தீவனத்தைக் கையிலிருந்து கொடுப்பதை நிறுத்தித் தொட்டியில் கொட்டிவிட்டு, நீங்கள் தள்ளிப் போன பிறகு மாடு வரட்டும். வாளியோடு உள்ளே போகும்போது மேலே ஏறி வந்தால் ஒரு நீளமான கம்பை உங்களுக்கு முன்னால் குறுக்கே நீட்டிப் பிடித்து, அது ஒரு அடி பின்வாங்கும்வரை கொட்டாதீர்கள். சந்தில் நின்றுவிட்டால் வாலை முறுக்க வேண்டாம். அதன் தலைப் பக்கமிருந்து வால் பக்கமாக, தோளைக் கடந்து வேகமாக நடந்து போங்கள், பெரும்பாலான மாடுகள் முன்னே போய்விடும். அதற்கும் நகராத மாட்டை, பின்னால் வேறு மாடு எதுவும் முட்டிக்கொண்டு நிற்காதபடி பார்த்து, சந்தில் கடைசியாக விடுங்கள்.